அறத்தொடு நிற்றலும் அவலக் காதலும்

இளமையிலே கருகிய காதலைப் பாடாத மொழி உலகில் இல்லை. அத்தகைய கதைகளைக் கற்கும்பொழுது, இந்த அழிவுக்குக் காரணம் யார் என்னும் வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. ஊழ் என்பர் ஒருசாரார். குடும்பப் பகை என்பர் வேறொருசாரார். இளையோர் ஆராயாது துணிந்தமையே காரணம் என்பர் மற்றுமொருசாரார். பரீட்சையிலே இவ்வினா வருமாயின், நம் மாணவர் இம்மூன்றையும் மூன்று பந்திகளாக எழுதி நிறைந்த புள்ளிகளைப் பெற்றுவிடுவர். ஆயினும் இம்மூன்றும் தம்முள் எவ்வாறு இணைகின்றன, இவற்றை இணைய விடாது தடுக்கும் வழி யாதாயினும் உண்டோ என்பதை அவர் எண்ணிப் பார்ப்பது அரிது. அதனையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம். ஆராய்ச்சிக்கு அம்பிகாபதி, அமராவதி என்போர் கதையையும், ஆங்கிலப் பெரும்புலவர் சேக்ஸ்பியர் இயற்றிய உரோமியோ, யூலியற் என்போர் நாடகத்தையும் எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டுக் கதை

அம்பிகாபதி கம்பரின் மைந்தன் என்றும், அமராவதி சோழ மன்னனின் மகள் என்றும் கதை வழங்குகின்றது. இக்கதை வரலாற்றுச் சான்றுகளால் உறுதிப்பட்டதன்று. கம்பர் காலம் பற்றியே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் நெஞ்சில் வாழ்ந்துவரும் கதையாதலின், அதன் உண்மையை வரலாற்றில் தேடாது வாழ்க்கையில் தேடுதலே பொருந்தும்.

அரண்மனை விருந்தொன்றில் அமராவதி உணவு ஏந்தி வருகின்றாள். அவள் நடையின் தளர்ச்சியைக் கண்ட அம்பிகாபதி, இடமும் ஏவலும் மறந்து, அவளைப் பற்றிப் பாட்டொன்றைத் தொடங்கிவிடுகின்றான். அவையில் மன்னனும் இருக்கின்றான். நிலைமையை உணர்ந்த கம்பர், மகன் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தாமே எடுத்து, தெருவிலே கொட்டிக்கிழங்கு கூவி விற்கும் ஒருத்தியைப் பற்றியதாக அதனை முடித்துவைக்கின்றார். கலைமகளே கிழங்கு விற்பவளாய்த் தெருவில் தோன்றிக் கம்பர் சொல்லைக் காத்தாள் என்பது கதை. அன்று தலை தப்பியது.

ஆயினும் காதல் மறைந்திருக்கவில்லை. செய்தி அரசனுக்கு எட்டுகின்றது. அம்பிகாபதி சிற்றின்பச் சுவை சிறிதும் கலவாது நூறு பாடல்கள் பாடுவானாயின் அமராவதியை மணக்கலாம். தவறுவானாயின் தலை இழக்கவேண்டும் என்று சோதனை வகுக்கப்படுகின்றது. அவன் பாடுகின்றான். மறைவில் இருந்து அமராவதி பாட்டுக்கு ஒரு மலராக எண்ணி வருகின்றாள். முதலிற் பாடிய கடவுட் காப்பு கணக்கில் அடங்காது என்பதை அவள் அறியவில்லை. நூறும் நிறைந்தன என்று மகிழ்ந்து தலை நீட்டுகின்றாள். உண்மையில் நிறைந்தவை தொண்ணூற்றொன்பதே. அவள் முகத்தைக் கண்ட அம்பிகாபதி அவளையே பாடிவிடுகின்றான். சோதனை தவறிற்று; அவன் தலை வீழ்ந்தது; அமராவதியின் உயிரும் உடன் சென்றது.

இக்கதை 1937ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் திரைப்படமாக வெளிவந்தது. முந்திய படத்தை இயக்கிய எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர், அதற்கு முந்திய ஆண்டில் ஆலிவுட்டில் வெளிவந்த உரோமியோ, யூலியற் படத்தின் மேன்மாடக் காட்சியை முன்மாதிரியாகக் கொண்டே காதற் காட்சியை அமைத்தார் என்பர். இரு கதைகளுக்கும் உள்ள உறவை அக்கலைஞர் கண்டுகொண்டமை வியப்பன்று.

வெரோனா நகரத்துக் கதை

இத்தாலி நாட்டு வெரோனா நகரில் மொந்தேகு, கபுலெற் என்னும் இரு குடும்பங்கள் பகைத்து வாழ்கின்றன. பகைக்குக் காரணம் யாது என்று நாடகம் முழுவதிலும் ஒருவரும் கூறுவதில்லை. காரணம் மறந்துபோன பின்னும் பகை மறக்கப்படவில்லை. ஒரு குடியின் மைந்தன் உரோமியோ. மறு குடியின் மகள் யூலியற். அவளுக்குப் பதினான்கு வயது நிறையவும் சில நாட்கள் எஞ்சியிருந்தன.

சேக்ஸ்பியர் இக்கதையைத் தாமே புனைந்தவர் அல்லர். ஆதர் புரூக் என்பவர் 1562ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடும்பாட்டே அவருக்கு மூலம். நாடகம் 1595ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு, 1597இல் முதன்முதல் அச்சேறிற்று. புரூக்கின் நூலில் பல மாதங்கள் நடைபெறும் கதையைச் சேக்ஸ்பியர் ஒரு வாரத்துக்குள் சுருக்கிவிட்டார். ஞாயிறு இரவு இருவரும் காண்கின்றனர். திங்கள் பிற்பகல் லாரன்சு என்னும் துறவி அவர்களுக்கு மறைவாக மணம் செய்துவைக்கின்றார். மணம் முடிந்து சிறிது நேரத்தில் தெருச் சண்டை மூள, உரோமியோ தன் மனைவியின் உறவினனாகிய திபால்ற்றைக் கொன்று நாடு கடத்தப்படுகின்றான். யூலியற்றின் தந்தையோ அவளுக்குப் பாரிஸ் என்பவனை மணமகனாக நிச்சயிக்கின்றார். துறவி அவளுக்கு நாற்பத்திரண்டு மணிநேரம் பிணம்போற் கிடக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து, உரோமியோவுக்கு ஓலை விடுக்கின்றார். ஓலை கொண்டு சென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டமையின் ஓலை போய்ச் சேரவில்லை. மனைவி இறந்தாள் என்று மட்டும் கேள்வியுற்ற உரோமியோ கல்லறைக்கு விரைந்து வந்து நஞ்சுண்டு மாய்கின்றான். விழித்தெழுந்த யூலியற் அவன் உடைவாளால் தன்னை மாய்த்துக்கொள்கின்றாள்.

ஊழ் செய்தது யாது?

இரு கதைகளிலும் அழிவின் வாயில் மிகச் சிறியது. ஒன்றிலே ஒரு பாட்டின் எண்ணிக்கைப் பிழை. மற்றொன்றிலே ஓர் ஓலையின் தாமதம். இவற்றையே நாம் ஊழ் என்கின்றோம். ஆனால், எண்ணிக்கை பிழைப்பதும் ஓலை தவறுவதும் நாள்தோறும் எல்லோர் வீட்டிலும் நிகழ்வன. அவற்றால் யாரும் இறந்துபடுவதில்லை. அவ்விருவர்க்கு மட்டும் அவை உயிர்ப்பிழையாயின, காரணம் என்ன? ஒரு பாட்டுத் தவறினால் தலை போகும் என்று விதித்தவன் மன்னன். ஓர் ஓலை தவறினால் வேறு வழியே இல்லாத நிலையை ஆக்கியது இரு குடும்பங்களின் பகை. சிறு பிழையைச் செய்வித்தது ஊழாயின், அச்சிறு பிழைக்குப் பெருந்தண்டம் வகுத்தோர் மனிதரே என்பதை நாம் மறத்தலாகாது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வைகாசிப் பொங்கலுக்குச் செல்லும் நம் வன்னி மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்திருக்கும் மக்கள், கோவலன் கொலையுண்ணும்பொழுது விதி என்று பெருமூச்சு விடுவர். எனினும் பொய்யுரைத்த பொற்கொல்லனையும் ஆராயாது ஆணையிட்ட பாண்டியனையும் அவர் மன்னிப்பதில்லை. கண்ணகியும் விதி என்று வீட்டில் இருந்தாளல்லள். சிலம்பை ஏந்தி நீதி கேட்க அரசவைக்கே சென்றாள். ஊழ்வினையின் வலியை உணர்த்தவே எழுந்த காப்பியம், நீதி கேட்டு நின்ற ஒருத்தியையே தெய்வமாக்கிற்று. திருவள்ளுவரும் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்தார். பொருட்பாலிலே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்றார். ஊழுண்டு என்று நம்புதல் வேறு. பொறுப்பை எல்லாம் அதன் தலையிற் சுமத்திவிட்டுத் தாம் விலகி நிற்றல் வேறு.

ஆராயாத் துணிவு எவருடையது?

அடுத்து அவசரத்தை நோக்குவோம். அரசவையிலே வாய் தவறிப் பாடியது அம்பிகாபதியின் அவசரம். எண்ணிக்கையைச் சரிபாராது முகம் நீட்டியது அமராவதியின் அவசரம். கண்ட மறுநாளே மணந்ததும், வாளுக்கு வாள் எடுத்ததும், செய்தியை ஆராயாது நஞ்சு வாங்கியதும் உரோமியோவின் அவசரங்கள். இவற்றை மறுப்பார் இல்லை. புரூக் தம் நூலின் முன்னுரையிலே, பெற்றோர் சொற் கேளாமையே இவர்கள் கெட்டமைக்குக் காரணம் என்று இளையோரைக் கடிந்துரைத்தார்.

சேக்ஸ்பியர் அவ்வாறு இளையோரை மட்டும் கடியவில்லை. யூலியற்றின் தந்தை செய்வதை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மகள் சிறியவள், இன்னும் இரண்டு கோடை கழியட்டும் என்று முதலிற் கூறியவர் அவரே. உறவினன் இறந்த கலக்கத்திலே, மகளின் உள்ளத்தை ஒருமுறையும் வினவாது, வியாழனே மணநாள் என்கின்றார். அவள் மறுத்தவுடன் தெருவிற் கிடந்து சாவாய் என்று வைகின்றார். பின்னர் அவள் உடன்பட்டாள் என்ற மகிழ்ச்சியில் மணநாளைப் புதனாக முன் தள்ளுகின்றார். அந்த ஒருநாள் முந்தியதால் அவள் மருந்தை ஒருநாள் முந்தி அருந்த நேர்ந்தது. ஓலைக்கு இருந்த காலமும் ஒருநாள் குறைந்தது. இளையோரின் அவசரம் அவர்களை ஆபத்தின் விளிம்புக்குக் கொணர்ந்தது. விளிம்பிலிருந்து தள்ளியது தந்தையின் அவசரம்.

இந்நிலை கதைகளோடு நின்றுவிடுவதன்று. போர்க்காலத்தின் இறுதி ஆண்டுகளில், 2009ஆம் ஆண்டு வரை, தம் பிள்ளைகளை எவ்வாறேனும் காத்துக்கொள்ளவேண்டும் என்னும் அச்சத்தினால் இளவயதிலேயே அவர்களுக்கு மணம் முடித்துவைத்த பெற்றோர் வன்னியிற் பலர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும் அன்பிலே பிறந்த அவசரமும் அவசரமே என்பதை அக்காலம் நமக்குக் காட்டிச் சென்றது.

அறிந்தவர் இருந்தும்

இனி, இவ்விரு கதைகளிலும் பெரும்பாலோர் கவனியாது விடும் ஒற்றுமை ஒன்றைக் கூறுவோம். இரண்டிலும் காதலை அறிந்த மூத்தோர் இருந்தனர். அவர் தீயோர் அல்லர். அறிவிலும் அன்பிலும் சிறந்தோர். அம்பிகாபதியின் உள்ளத்தைக் கம்பர் அறிந்தார். உரோமியோவின் உள்ளத்தை லாரன்சுத் துறவி அறிந்தார். யூலியற்றை வளர்த்த செவிலியும் அறிந்தாள். ஆனால் அவர்கள் செய்தது யாது? கம்பர் பாட்டைத் திரித்து உண்மையை மூடினார். துறவி மணத்தை மறைத்தார். பின்னர் அம்மறைவைக் காக்க மற்றொரு மறைவாக மருந்தைக் கொடுத்தார். செவிலியோ, ஓலையும் ஏணியும் சுமந்து துணை நின்றவள், இக்கட்டு வந்தவுடன் முதற் கணவனை மறந்து பாரிஸை மணந்துகொள் என்று அறிவுரை கூறினாள். மூவரும் உபாயம் செய்தனர். ஒருவரேனும் உண்மையை உரியவரிடம் உரைத்தாரல்லர்.

உரைத்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதற்கு நாடகத்திலேயே விடை உண்டு. இறுதிக் காட்சியிலே, கல்லறை முன்றிலில், துறவி நடந்தது அனைத்தையும் எல்லோர் முன்னிலையிலும் கூறுகின்றார். கூறிய அந்நேரமே இரு தந்தையரும் கைகோத்துக்கொள்கின்றனர். ஒருவர் மற்றவரின் பிள்ளைக்குப் பொற்சிலை எடுப்பதாகவும் உறுதி கூறுகின்றனர். பல காலப் பகையை ஓர் உண்மை ஒருகணத்தில் அழித்துவிட்டது. அவ்வுண்மை சில நாட்கள் முந்தி வந்திருக்குமாயின் பொற்சிலைக்குத் தேவை இருந்திராது.

இங்கே ஒருவர் தடை கூறலாம். கம்பர் மன்னனிடம் உண்மையை உரைத்திருந்தால் மைந்தனின் தலை அன்றே வீழ்ந்திருக்குமே என்று. நியாயமான தடையே இது. அவ்வாறாயின், குற்றம் காதலித்தவர் மேலதுமன்று, மறைத்தவர் மேலதுமன்று. உண்மை சொல்வார் அஞ்சும்படி அரசிருக்கையை அமைத்துக்கொண்டவன் மேலதேயாம். பெற்றோரிடம் பிள்ளைகள் மெய் சொல்ல அஞ்சும் வீட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளை பொய் சொன்னான் என்று வருந்துமுன், மெய் சொல்வதற்கு நம் வீட்டிலே இடம் இருந்ததோ என்று பெற்றோர் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்.

தமிழ் மரபு கண்ட வழி

இவ்விடர்ப்பாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் காதலைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுத்தார். களவு மறைவில் தொடங்குவது. கற்பு ஊரறிய வாழ்வது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்துக்கு இட்ட பெயரே அறத்தொடு நிற்றல் என்பது. தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்கு உரைப்பாள்; தோழி செவிலிக்கு உரைப்பாள்; செவிலி நற்றாய்க்கு உரைப்பாள்; தந்தையும் தமையன்மாரும் குறிப்பினால் உணர்வர். தோழி அறத்தொடு நிற்கும் முறை ஏழு வகைப்படும் என்று தொல்காப்பியம் வகுக்கின்றது. அவற்றுள் இறுதியானது நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுதல்.

அப்பெயரின் நுட்பத்தை மாணவர் ஓர்ந்து உணர்தல் வேண்டும். காதலை வெளிப்படுத்துதலைக் காட்டிக்கொடுத்தல் என்று நம் முன்னோர் கூறவில்லை. அறத்தின் பக்கத்திலே நிற்றல் என்றனர். மறைத்து உதவுவது நட்பாகத் தோன்றலாம். உரிய காலத்தில் உரியவரிடம் உரைப்பதே அறம்.

இத்துறைக்கு இலக்கியமாய் அமைந்தது கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பட்டது என்பர். 261 அடிகள் கொண்ட அப்பாட்டு முழுவதும் ஒரு தோழியின் பேச்சு. மகளின் மெலிவைத் தெய்வத்தால் வந்த நோய் என்று எண்ணி வருந்தும் செவிலியிடம், அது நோயன்று, காதல் என்று அவள் எடுத்துரைக்கின்றாள். மாணவர் அப்பாட்டை அதில் வரும் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயருக்காகவே பெரிதும் நினைவிற் கொள்வர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டியதோ அதன் தொடக்கத்தில் அமைந்த ஓர் உவமை. போர் கருதிய இரு பேரரசர்க்கு இடையே நின்று சமாதானம் தேடும் சான்றோரைப்போலத் தானும் இரு பேரச்சங்களுக்கு இடையே நிற்பதாகத் தோழி கூறுகின்றாள். ஒருபுறம் தாயின் சினம். மறுபுறம் தலைவியின் துயரம். அஞ்சியும் அவள் வாய் திறந்தாள்.

வெரோனா நகரத் துறவியும் உண்மையாகவே பகைத்த இரு குடிகளுக்கு இடையே நின்றவர். அம்மணத்தினால் பகை தீரும் என்றே அவரும் எண்ணினார். எண்ணம் நன்று, ஆனால் வாய் திறக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டுத் தோழிக்கு இருந்த துணிவு அவருக்கு இருந்திருக்குமாயின் அந்நாடகம் இன்ப நாடகமாய் முடிந்திருக்கும். தோழி பேசிய கதையில் மணமுரசு ஒலித்தது. துறவி பேசாத கதையிற் சாப்பறை ஒலித்தது.

அநுராதபுரத்து இளவரசன்

வவுனியாவிலிருந்து தெற்கே அதிக தூரமில்லை அநுராதபுரம். அங்கே கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட துட்டகைமுனு மன்னனின் மைந்தன் சாலி. அவன் சண்டாள குலத்துப் பெண்ணொருத்தியைக் காதலித்து மணந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. அவளை அசோகமாலா என வழங்குவர். முற்பிறப்பிலும் அவள் அவனுக்கு மனைவியாய் இருந்தவள் என்று அந்நூல் அக்காதலுக்கு ஊழையே காரணமாகக் காட்டுகின்றது. குலப்பிரிவு என்னும் தடை இங்கும் உண்டு. இளையோன் துணிவும் இங்கு உண்டு. ஆயினும் ஒருவரும் மாண்டிலர். சாலி அரசை விரும்பாது விடுத்தான். மன்னனின் தம்பியாகிய சத்தாதிஸ்ஸன் முடி சூடினான். இசுறுமுனியாவில் உள்ள காதலர் சிற்பத்தை இவ்விருவராக மக்கள் கூறுவர், சிற்பமோ பிற்காலத்தது.

மூன்று காரணங்களும் ஒருங்கே நின்றும் இக்கதை அவலமாகாமைக்குக் காரணம் ஒன்றே. இங்கே மறைவு இல்லை. தன் விருப்பத்துக்கு விலை யாது என்பதை இளவரசன் அறிந்தான். அவ்விலையை வெளிப்படையாகத் தந்தான். இதனை அவசரம் என்னலாகாது. ஆராய்ந்த துணிவு என்க.

நமக்குரிய பாடம்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஊழ் ஒரு சிறு பொறியே. பகை உலர்ந்த வைக்கோற் போர். அவசரம் அதனை மூட்டும் காற்று. பொறி பறப்பதை நம்மால் முற்றாகத் தடுக்க இயலாது. வைக்கோலைக் குவியாதிருத்தலும், நீர்க்குடத்தோடு அருகிலே நிற்றலும் நம்மால் இயலும். அறத்தொடு நிற்றல் அந்நீர்க்குடம்.

மாணவரே, நும் நண்பர் மறைவிலே துயருறுவாராயின், அம்மறைவுக்கு மறைவு சேர்த்தல் நட்பென்று எண்ணற்க. நம்பத்தக்க மூத்தவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் செல்க. உள்ளம் கொதிக்கும்பொழுது எடுக்கும் முடிவை மூன்று நாட்கள் ஒத்திவைக்க. உரோமியோ ஓர் இரவு பொறுத்திருப்பின் யூலியற் விழித்திருப்பாள்.

நேற்று இக்கல்லூரியின் வாங்குகளில் இருந்து குறிஞ்சிப்பாட்டு நெட்டுருச் செய்த பழைய மாணவர் இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் உள்ளனர். அவர்க்கும் ஒரு சொல். திருமணத்துக்குரிய வயது பதினெட்டு என்று 1995ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. பிள்ளைகள் அவ்வயது வரையும் அதற்கு அப்பாலும் பொறுத்திருக்க வேண்டுமென்று நாம் கேட்பது முறையே. அவ்வாறு கேட்கும் நாம், அவர்கள் சொல்வதைச் சினவாது கேட்கும் பொறுமையையும் பெற்றிருத்தல் வேண்டும். சாதி, சீதனம், பழைய வேலிச் சண்டை ஆகியவற்றின் பெயரால் நாம் குவித்துவைக்கும் வைக்கோலில் நம் வீட்டுப் பிள்ளையே எரியக்கூடும்.

ஆசிரியராகிய நாம் செவிலியின் இடத்தில் நிற்பவர். செவிலிக்கு முதற் கடமை கேட்டல்; இரண்டாவது கடமை அஞ்சாது உரைத்தல். தோழி பேசவும், செவிலி கேட்கவும், தந்தை குறிப்பறியவும் கூடிய வீடுகள் பெருகுமாயின், அம்பிகாபதி கதையை நம் பிள்ளைகள் பாடநூலில் மட்டுமே காண்பர். அதுவே அக்கதையைக் கற்றதன் பயனாகும்.